சூரியப் புள்ளிகள் கூடினால் காஸ்மிக் கதிர்கள் குறையுமா? நீங்களே வரைந்து பார்க்கும் முறை

சூரியனில் கரும்புள்ளிகள் மிகும் ஆண்டுகளில் பூமிக்கு வந்து சேரும் காஸ்மிக் கதிர்கள் (விண்வெளியிலிருந்து மிகு வேகத்தில் வரும் மின்னூட்டத் துகள்கள்) குறைகின்றன என்பதை அமெரிக்க இயற்பியலாளர் ஸ்காட் ஃபோர்புஷ் 1954இல் நீண்டகால அளவீடுகளைக் கொண்டு காட்டினார். இதைப் படித்து நம்புவதைவிட வரைந்து பார்ப்பது நல்லது. எக்செல் போன்ற அட்டவணை மென்பொருளும் ஒரு பிற்பகலும் போதும்.

முதற்படி, தரவு. திருநெல்வேலிக்கு அருகே கிருஷ்ணாபுரத்திலேயே இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருக்கும்போது பின்லாந்துத் தரவைத் தேடுவானேன் என்று நம் ஊர்க்காரர்கள் கேட்கலாம். புவிகாந்த நடுக்கோடு திருநெல்வேலிக்கு அருகில் செல்வதால், இங்கே பூமியின் காந்தப்புலம் தடுத்து, ஏறத்தாழ 17 கிகா எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் குறைந்த ஆற்றலுள்ள புரோட்டான்கள் செங்குத்தாக உள்ளே நுழைய முடிவதில்லை. சூரியனோ குறைந்த ஆற்றல் துகள்களைத்தான் பெரிதும் அலைக்கழிக்கிறது. ஆகவே நம் தலைக்கு மேல் இந்த ஏற்ற இறக்கம் மிகச் சிறியது. துருவத்தை ஒட்டிய ஊலு நகரில் அது நன்றாகத் தெரியும். அங்குள்ள நியூட்ரான் மானிட்டர் (காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதும்போது சிதறும் நியூட்ரான்களை எண்ணும் கருவி) 1964 முதல் எண்ணி வருகிறது. அதன் மாதச் சராசரியையும், பிரஸ்ஸல்ஸிலுள்ள அரசு வானாய்வகம் தரும் மாதாந்தரச் சூரியப் புள்ளி எண்ணையும் இறக்கிக்கொள்ளுங்கள். பிரஸ்ஸல்ஸ் கோப்பில் எண்களுக்கிடையே அரைப்புள்ளி இருப்பதால், திறக்கும்போது அதையே பிரிப்பானாகக் குறிப்பிட வேண்டும். இல்லையேல் எல்லாம் ஒரே பத்தியில் வந்து விழும்.

ஊலு தரவில் காற்றழுத்தம் திருத்தப்பட்ட எண்ணிக்கையை மட்டும் எடுங்கள். அழுத்தம் 1 மில்லிபார் கூடினால் எண்ணிக்கை ஏறத்தாழ 0.7 விழுக்காடு குறையும். முதன்முறை நான் திருத்தாத பத்தியை எடுத்துவிட்டு, வரைந்தது பின்லாந்தின் வானிலையைத்தான் என்பதை வெகுநேரம் கழித்தே உணர்ந்தேன்.

இரண்டாம் படி எளிது: மாதத்துக்கு மாதம் பொருத்தி, 12 மாத நகரும் சராசரி எடுத்து, இடப்பக்க அச்சில் ஒன்றும் வலப்பக்க அச்சில் மற்றொன்றுமாக வரையுங்கள்.

மூன்றாம் படி, கோட்டை வாசிப்பது. ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். சூரியனிலிருந்து வீசும் துகள் ஓட்டமான சூரியக் காற்று சுமந்து செல்லும் காந்தப்புலம் சூரியன் முனைப்பாக உள்ள காலத்தில் வலுத்துச் சிக்கலாகி, உள்ளே வரும் மின்னூட்டத் துகள்களைச் சிதறடிப்பதே காரணம். ஆனால் 1965, 1987, 2009 ஆகிய ஆண்டுகளை ஒட்டிய கதிர் முகடுகள் கூராகவும், 1976, 1997 முகடுகள் தட்டையாகவும் இருப்பதைக் கவனியுங்கள். இந்த வரைபடத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஏறத்தாழ 11 ஆண்டுக்கு ஒருமுறை சூரியனின் காந்த முனைகள் இடம் மாறுவதால் முழுச் சுற்று 22 ஆண்டாகிறது. அதன் ஒரு பாதியில் நேர்மின் துகள்கள் துருவங்களின் வழியாக இறங்குகின்றன. மறுபாதியில், சூரியனின் நடுக்கோட்டருகே சுழலும் பாவாடைக் கொசுவம்போல் அலையும் மின்னோட்டத் தாளை (எதிரெதிர் காந்தப்புலங்களைப் பிரிக்கும் பரப்பை) ஒட்டி வருகின்றன. அந்தக் கொசுவம் சற்றே பெருகினாலும் வழி நீண்டுவிடுவதால், எண்ணிக்கை சட்டென ஏறிச் சட்டென இறங்கிக் கூர்முகடாகிறது.

நான்காம் படி, தாமதத்தை அளப்பது. பாபநாசம் மலையில் பெய்த மழை திருவைகுண்டம் அணைக்கட்டை எட்டச் சற்று நேரமாவதைப் போல, சூரியனின் மாற்றம் அதன் காற்று வீசும் மண்டலம் முழுவதும் பரவக் காலம் பிடிக்கும். அம்மண்டலத்தின் எல்லையை வாயேஜர் 1 விண்கலம் 2012 ஆகஸ்டில் கடந்தபோது, அது பூமி–சூரியன் தொலைவைப் போல் சுமார் 121 மடங்கு தள்ளியிருந்தது. நொடிக்கு 400 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று அங்கே செல்ல ஓராண்டுக்கு மேலாகும். ஆகவே கதிர்ப் பத்தியை ஒவ்வொரு மாதமாக நகர்த்தி, ஒவ்வொரு முறையும் ஒட்டுறவுக் கெழுவைக் (இரு வரிசைகளும் எவ்வளவு சேர்ந்து அசைகின்றன என்று −1 முதல் +1 வரை காட்டும் எண்) கணக்கிடுங்கள். அது −1ஐ மிகவும் நெருங்கும் நகர்வே தாமதம். மொத்தத் தரவுக்கும் ஒரே விடையைத் தேடாமல், 1996 ஆகஸ்டில் தொடங்கிய 23ஆம் சூரியப் புள்ளிச் சுற்றையும் (இவை 11 ஆண்டுச் சுற்றுகள்) 2008 டிசம்பரில் தொடங்கிய 24ஆம் சுற்றையும் தனித்தனியே கணக்கிடுங்கள். பொதுவாக ஒற்றைப்படைச் சுற்றுகளில்தான் தாமதம் நீளும்.