பிள்ளைக்கு ஒட்டுப்போர்வை தைப்பது: துணி எடுப்பதிலிருந்து பட்டி வைப்பது வரை

குழந்தையின் போர்வை வாரம் ஒருமுறையாவது தண்ணீரில் விழும். பால், மூத்திரம், மாம்பழச் சாறு, வாசல் மண் எல்லாம் அதில் படும். ஆகவே எந்தத் துணியை எடுத்தாலும், எந்தத் தையலைப் போட்டாலும், ஐம்பது சலவைக்குப் பிறகு அது என்ன ஆகும் என்று யோசித்து முடிவெடுங்கள். ஒட்டுப்போர்வையில் வரும் குறைகளில் பாதிக்கு மேல் ஊசியைத் தொடுவதற்கு முன்பே, துணி எடுக்கும்போதும் வெட்டும்போதும் உள்ளே நுழைந்துவிடுகின்றன.

இங்கே சொல்வது 40 × 50 அங்குலப் போர்வை. நடக்கத் தொடங்கிய பிள்ளையிலிருந்து முதல் வகுப்புப் பிள்ளை வரை தாங்கும். மேலே 80 சதுரங்கள் (குறுக்கே 8, நெடுக்கே 10), நடுவில் பழைய வேட்டி, அடியில் ஒரே துண்டாகப் புடவை அல்லது காடா (வெளுக்காத பருத்தித் துணி).

துணி

ஈரோட்டுச் சந்தையில் பருத்திக் கட்பீஸ் எடுக்கலாம். பிள்ளை போட்டுக் கழித்த சட்டை, பாவாடையையும் வெட்டலாம். எல்லாம் ஏறக்குறைய ஒரே கனத்தில், முழுப் பருத்தியாக இருக்க வேண்டும். கலப்புத் துணி அவ்வளவாகச் சுருங்காது, பருத்தி சுருங்கும். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் சலவைக்குப் பின் ஒன்று உப்பி நிற்கும், மற்றது இழுத்துக்கொள்ளும். சந்தேகமாக இருந்தால் ஓரத்தில் நாலு இழை உருவி எரித்துப் பாருங்கள். பருத்தி காகிதம் போல எரிந்து மெல்லிய சாம்பலாகும்; பாலியெஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும்.

திருப்பூரில் கிலோ கணக்கில் கிடைக்கும் பனியன் துண்டுகள் மலிவு, தொடுவதற்கும் மெத்தென்று இருக்கும். ஆனால் இழுத்தால் நீளும். அவற்றை நெய்த துணியோடு சேர்த்தால் தையல் அலையடிக்கும். பிள்ளையின் டி-சர்ட்டைச் சேர்த்தே ஆக வேண்டுமென்றால், இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய கேன்வாஸை முதலில் பின்புறம் ஒட்டுங்கள், பிறகு வெட்டுங்கள். ஊசியும் பனியன் துணிக்கான உருண்டை முனை ஊசியாக இருக்க வேண்டும். கூர்முனை ஊசி இழையை அறுத்து ஓட்டை போடும்.

காதுகுத்துக்குப் போட்ட பட்டுப்பாவாடையைப் போர்வைக்குள் வைக்க ஆசை வரும். வேண்டாம். சரிகை குத்தும், பட்டு அடிக்கடி சலவைக்குத் தாங்காது. அதைத் தனியே எடுத்துச் சுவரில் மாட்டும் சின்னப் படமாகத் தைத்துக்கொள்ளலாம்.

அளவுக் கணக்கு: 44 அங்குல அகலத் துணியில் ஒரு வரிசைக்கு 8 சதுரம் விழும். 80 சதுரத்துக்கு 55 அங்குலம், அதாவது ஒன்றரை மீட்டருக்குள் அடங்கும். பல துண்டுகளில் எடுக்கும்போது ஓரச் சேதாரம் வரும் என்பதால் மொத்தம் 2 மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். அடித்துணிக்கு 46 × 56 அங்குலம். ஓரத்தை மூடித் தைக்கும் பட்டிக்கு 35 செ.மீ. நடு அடுக்குக்கு எட்டு முழ வேட்டி ஒன்று. இரண்டாக மடித்தால் இரண்டு அடுக்கு கிடைக்கும். வேட்டியின் கரையை வெட்டி எடுத்துவிடுங்கள். விட்டால் மேலே வரம்பு கட்டினாற்போலத் தெரியும், சாயமும் இறங்கும்.

மார்கழிப் பனிக்கும் ஆடிக் காற்றுக்கும் இந்த இரண்டு அடுக்கே போதும். கடையில் விற்கும் பாலியெஸ்டர் பஞ்சு விரிப்பு கரூர், ஈரோடு வெயிலுக்குப் புழுங்கும். வால்பாறை, ஊட்டி வீடுகளுக்குச் சரி. இலவம்பஞ்சு தலையணைக்கு நல்லது, போர்வைக்கு ஆகாது. துவைத்தால் கட்டி கட்டியாகச் சேரும்.

பழைய புடவையை அடித்துணியாக எடுத்தால் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நைந்த இடம் சல்லடை போலத் தெரியும். இரண்டு கட்டை விரலாலும் இழுத்துப் பார்த்து, 'சர்ர்' என்று சத்தம் வந்தால் அந்தப் பகுதியைத் தள்ளிவிடுங்கள். சென்னிமலை போர்வையும் அடித்துணிக்கு ஆகும். ஆனால் கனமான ரகத்தில் கையூசி இறங்காது. மெல்லிய ரகமாகப் பாருங்கள்.

வெட்டுவதற்கு முன் துவையுங்கள்

பருத்தி முதல் சலவையில் 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்கலாம். பல்லடம், சோமனூர்ப் பக்கத்துக் காடாவில் கஞ்சி ஏறியிருக்கும். அதை வெந்நீரில் ஒருமுறை ஊறவைத்து அலசினால்தான் சுருங்க வேண்டியது சுருங்கும்.

சிவப்பு, கறுப்பு, கருநீலத் துண்டுகளைத் தனித்தனியே நனைத்து, வெள்ளைத் துணியில் அழுத்தித் தேயுங்கள். நிறம் ஒட்டினால் தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். நாலு அலசலுக்குப் பிறகும் இறங்கினால் அந்தத் துணியை விட்டுவிடுங்கள். கல்லுப்பு போட்டால் சாயம் நிற்கும் என்பார்கள். சாயம் ஏற்றும்போது உப்புக்கு வேலை உண்டு, ஏறி முடிந்த சாயத்தை அது பிடித்து நிறுத்தாது.

வெட்டுதல்

வெட்டும் அளவு 5½ அங்குலம், தைத்த பின் 5. அச்சுக்கு அட்டையைவிடப் பழைய எக்ஸ்ரே ஃபிலிம் நல்லது. அட்டையின் ஓரம் பென்சில் உரசி உரசித் தேயும், இருபதாவது சதுரத்திலேயே அளவு மாறிவிடும். துணியில் ஓர் இழையை உருவி, அந்தக் கோட்டை நேராக வைத்து அச்சைப் போடுங்கள். பாவும் ஊடையும் (நெடுக்கிழையும் குறுக்கிழையும்) கோணலாக விழுந்த சதுரம் துவைத்த பின் சாய்சதுரமாகிவிடும். கிழித்தெடுப்பது வேகமாக இருக்கும், ஆனால் ஓரம் ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) அளவுக்கு இழுபட்டுவிடும்.

சேர்த்தல்

தையலுக்கு விடுவது இரண்டு நூல், அதாவது கால் அங்குலம். இதில்தான் பலர் தோற்கிறார்கள். ஒவ்வொரு சதுரத்திலும் அரை நூல் கூடப் பிடித்தால், ஒரு தையலுக்கு ஒரு நூல் போகும். எட்டுச் சதுர வரிசையில் ஏழு தையல், ஏழு நூல், முக்கால் அங்குலத்துக்கு மேல் காணாமல் போகும். ஊசியிலிருந்து இரண்டு நூல் தள்ளி மிஷின் தட்டில் ஒட்டும் நாடாவைப் போட்டு, துணியோரத்தை அதில் உரசவிட்டு ஓட்டுங்கள். மூன்று சதுரத்தைச் சேர்த்து அளந்து பாருங்கள்: சரியாக 15½ அங்குலம் இருக்க வேண்டும். வராவிட்டால் நாடாவை நகர்த்துங்கள், இல்லாவிட்டால் எண்பதையும் பிரிக்க வேண்டிவரும்.

14-ம் நம்பர் ஊசி, அங்குலத்துக்கு 12 தையல். முதலில் தரையில் பரப்பி நிறத்தைப் பார்த்துக்கொண்டு, வரிசை வரிசையாக அடுக்கி எண் சீட்டுக் குத்திவிடுங்கள். வரிசையைத் தைத்ததும் உள்மடிப்பை இஸ்திரி போட்டு ஒரு பக்கம் சாயுங்கள். ஒற்றைப்படை வரிசை வலப்பக்கம், இரட்டைப்படை இடப்பக்கம். வரிசைகளை இணைக்கும்போது மடிப்புகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும், மூலைகள் தானாகவே பொருந்தும். இஸ்திரிப் பெட்டியைத் தேய்க்காமல் தூக்கித் தூக்கி வையுங்கள்.

அடுக்கி நிறுத்துதல்

அடித்துணியைக் கவிழ்த்து, டைல்ஸ் தரையில் நாடாவால் ஒட்டுங்கள். சுருக்கம் போகும் அளவுக்கு இழுத்தால் போதும். முறுக்கி இழுத்தால், நாடாவை எடுத்ததும் துணி பழையபடி சுருங்கி, பின்பக்கம் முழுக்கச் சுருக்கம் விழும். அதன் மேல் வேட்டி, அதன் மேல் சதுரத்துணி, நல்ல பக்கம் மேலே. நடுவிலிருந்து வெளியே நோக்கி, நாலு அங்குல இடைவெளியில் பெரிய பெரிய டேக்கா தையல் (பிறகு பிரித்தெடுக்கும் தற்காலிகத் தையல்) போடுங்கள். ஊக்கு குத்தினாலும் சரி.

மூன்றையும் சேர்த்துக் கையால் ஓட்டுத்தையல் போடுவதாக இருந்தால் 9-ம் நம்பர் ஊசி, ஒரு முழ நூல். அதற்கு மேல் நூல் விட்டால் சிக்கும், நடுவில் தேய்ந்து அறும். அங்குலத்துக்கு 5 அல்லது 6 தையல். சதுரங்களின் இணைப்பிலிருந்து இரண்டு நூல் தள்ளி, மடிப்பு சாயாத பக்கமாக ஓட்டுங்கள். அங்கே இரண்டு அடுக்குக் குறைவு, ஊசி வழுக்கிக்கொண்டு போகும். முடிச்சை வெடுக்கென்று இழுத்து வேட்டிக்குள் புதையுங்கள். மேலே நிற்கும் முடிச்சைக் குழந்தை வாயில் வைத்துக் கடிக்கும்.

மிஷினில் என்றால் 16-ம் நம்பர் ஊசி, அங்குலத்துக்கு 8 தையல். துணியை அழுத்தும் மிஷின் காலின் திருகைத் தளர்த்துங்கள். தளர்த்தாவிட்டால் மேல்துணி முன்னே தள்ளப்பட்டு ஒவ்வொரு கோட்டின் முடிவிலும் மடிப்பு விழும். நடுக்கோட்டை முதலில் அடியுங்கள், அங்கிருந்து இருபுறமும் மாறி மாறிப் போங்கள்.

பட்டி

2½ அங்குலக் கீற்றுகள் ஐந்து. குறுக்குவாட்டில் இணைத்து, நீளவாக்கில் இரண்டாக மடித்து இஸ்திரி போடுங்கள். இரட்டைத் துணிப் பட்டிதான் நிற்கும்; ஒற்றைப் பட்டி, பிள்ளை பிடித்து இழுக்கும் ஓரத்தில் சீக்கிரம் கிழியும். போர்வை ஓரங்களைச் சமன் செய்து, ஒரு பக்கத்தின் நடுவில், எட்டு அங்குல வாலை விட்டுவிட்டுத் தொடங்குங்கள். மூலைக்கு இரண்டு நூல் முன்பே நிறுத்தி, ரிவர்ஸ் அடித்து வெட்டுங்கள். பட்டியை நேர் மேலே மடக்கி, பிறகு கீழே இறக்கி, அடுத்த பக்கத்தை விளிம்பிலிருந்து தொடங்குங்கள். மூலை கூராக உட்காரும். பின்பக்கம் கையால் எம்மிங்.

பெயர் போடுவதானால் காம்புத் தையல் எடுங்கள், தமிழ் எழுத்தின் வளைவுக்கு அதுதான் வளையும். எழுத்து முக்கால் அங்குலத்துக்குக் குறைந்தால் சுழி அடைத்துக்கொள்ளும். ண, ழ இரண்டிலும் இது உடனே தெரியும்.

ஒரு வயது முடியாத குழந்தை தூங்கும் இடத்தில் போர்வை, தலையணை, பொம்மை எதையும் போட வேண்டாம் என்பது குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. அதுவரை இதைத் தரையில் விரித்து, அருகிலேயே உட்கார்ந்து விளையாட விடுங்கள். துவைத்தபின் ஒற்றைக் கொடியில் தொங்கவிடாமல் இரண்டு கொடியில் பரப்பி நிழலில் காயவையுங்கள். ஈரக் கனம் தையலை இழுக்கும்.

மிச்சத் துண்டில்

சோழி, பம்பரம் போட்டுவைக்கச் சுருக்குப்பை தைக்கலாம்: 9 × 12 அங்குலத்தில் இரண்டு துண்டு, மேலே நாடா நுழைய ஓர் அங்குலச் சுரங்கம், இருபுறமும் எதிரெதிராக நாடா. பவானி ஜமக்காளத் துண்டு கிடைத்தால் பள்ளிக்குப் பை ஆகும். அதற்கு 18-ம் நம்பர் ஊசி வேண்டும், ஓரத்தை வெட்டியவுடனே பட்டி வைத்துவிடுங்கள், பிரிந்துகொண்டே போகும்.

துணிப்பொம்மைக்கு வெளித்தையலை இரண்டு முறை ஓட்டுங்கள். கழுத்து, கக்கம் போன்ற வளைவுகளில் தையலைத் தொடாமல் சிறு வெட்டுப் போடுங்கள். போடாவிட்டால் திருப்பியபின் அங்கே துணி இழுத்துப் பிடிக்கும். திணிக்க விடும் வாயை விலாப்பக்கம் இரண்டரை அங்குலம் விடுங்கள், தலையில் விட்டால் தையல் முகத்தில் தெரியும். பாலியெஸ்டர் பஞ்சுக்கு இதுதான் சரியான இடம், துவைத்தாலும் சீக்கிரம் காயும். மூன்று வயதுக்குள் என்றால் கண்ணுக்குப் பட்டன், மணி வேண்டாம். நூலால் தைத்து விடுங்கள்.