சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் காப்பீட்டுக்கும் வீட்டுக் கடனுக்கும் விண்ணப்பிக்கும்போது

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. மாத்திரை வீட்டு வாசலுக்கே வருவதால் நம் பக்கத்தில் பலர் அதை நோய்க்கணக்கில் சேர்ப்பதில்லை. காப்பீட்டுப் படிவத்தில் “ஏற்கெனவே நோய் உண்டா?” என்ற கேள்வி வரும்போது, ஒரே ஒரு பிரஷர் மாத்திரைதானே என்று ‘இல்லை’ எனக் குறித்துவிடுகிறார்கள். என் அண்ணனுக்கு நடந்தது அதுதான். அவர் முகவரிடம் வாய்மொழியாகச் சொல்லியிருந்தார். படிவத்தை நிரப்பியவர் முகவர். கையெழுத்து மட்டும் அண்ணனுடையது. இரண்டாம் ஆண்டில் இதய அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தபோது, நோயை மறைத்ததாகக் கூறி க்ளைமை நிராகரித்தார்கள்.

ஆகவே படிவத்தை நீங்களே நிரப்புங்கள், அல்லது நிரப்பியதை வரிவரியாகப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். நோய் கண்டறியப்பட்ட ஆண்டு, உட்கொள்ளும் மாத்திரைகள், கடைசியாக எடுத்த மூன்று மாத சர்க்கரைச் சராசரி (HbA1c) ஆகியவற்றை எழுதி, மருத்துவரின் சான்றையும் இணைத்து, முழுப் படிவத்தின் நகலை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பாலிசி கைக்கு வந்ததும் அதில் உங்கள் நோய் பதிவாகியுள்ளதா என்று பாருங்கள். பதிவாகாமலிருந்தால் 30 நாட்களுக்குள் அதைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைத் திரும்பப் பெற உங்களுக்கு உரிமை உண்டு.

உண்மையைச் சொன்னால் பாலிசியே தரமாட்டார்கள் என்ற அச்சம் முற்றிலும் ஆதாரமற்றது என்று நான் சொல்லமாட்டேன். சில நிறுவனங்கள் மறுக்கவே செய்கின்றன, சில கூடுதல் பிரீமியம் கேட்கின்றன. ஆனால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024ஆம் ஆண்டு விதிகளின்படி, ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம், அதாவது அந்த நோய்க்குக் க்ளைம் கிடைக்காத ஆரம்பக் காலம், 36 மாதங்களுக்கு மேல் இருக்கக் கூடாது. முன்பு அது 48 மாதங்களாக இருந்தது. பாலிசி இடைவெளியின்றி 60 மாதங்கள் நடந்துவிட்டால், மோசடி நிரூபிக்கப்பட்டாலன்றி, தகவல் சொல்லவில்லை என்ற காரணத்தைக் காட்டி மருத்துவக் க்ளைமை மறுக்க முடியாது. ஆயுள் காப்பீட்டில் காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆம் பிரிவின்படி, மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு எந்தக் காரணத்தைக் காட்டியும் பாலிசியைக் கேள்விக்குள்ளாக்க முடியாது. இந்தக் காலக்கெடுக்களை நம்பி மறைப்பது பெரிய சூதாட்டம், ஏனெனில் நோய் நம் நாட்காட்டியைப் பார்த்து வருவதில்லை.

ஓசூர் சிப்காட்டில் வேலை செய்பவர்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. மாத ஊதியம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு) பொருந்தும், அங்கே பழைய நோயைப் பற்றிய கேள்வியே இல்லை. அதற்கு மேல் ஊதியம் பெறுவோருக்கு நிறுவனமே எடுத்திருக்கும் குழுக் காப்பீட்டில், பெரும்பாலும் முதல் நாளிலிருந்தே பழைய நோய்க்கும் பாதுகாப்பு உண்டு. வேலையை விடுவதற்கு முன்பே, அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற்றித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். குழுவில் கழித்த காலம் காத்திருப்புக் காலத்தில் கழிக்கப்படும். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால், வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்தில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்குப் பதிவு செய்வதையே முதல் வேலையாகக் கொள்ளலாம்.

வீட்டுக் கடனில் சிக்கல் வேறு விதமாக வருகிறது. வருமானமும் பத்திரமும் சரியாக இருந்தும், கடனோடு சேர்த்து எடுக்கச் சொல்லும் ஆயுள் காப்பீட்டை நிறுவனம் மறுத்துவிட்டது என்று காரணம் காட்டிக் கோப்பை நிறுத்துகிறார்கள். கடனுக்கு ஆயுள் காப்பீடு எடுத்தே தீர வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் விதி எதுவும் இல்லை. கட்டடத்திற்கான தீக் காப்பீட்டை வங்கி கேட்கலாம். அதற்கும் உங்கள் சர்க்கரைக்கும் தொடர்பில்லை. ஆயுள் காப்பீட்டுக்கு ஒரே தவணையாகக் கட்டும் பிரீமியத்தைக் கடனிலேயே சேர்த்துவிடுவதையும் கவனியுங்கள்: 1,00,000 ரூபாய் பிரீமியம் 9 சதவீத வட்டியில் 20 ஆண்டுக் கடனில் சேர்ந்தால், மாதத் தவணை சுமார் 900 ரூபாய் கூடி, முடிவில் ஏறத்தாழ 2,16,000 ரூபாய் கட்டியிருப்பீர்கள்.

குடும்பத்தைக் காப்பது அவசியம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நோயில்லாத துணைவரையோ வேலை செய்யும் மகன், மகளையோ இணை விண்ணப்பதாரராக்கி அவர் பெயரில் காப்பீடு எடுக்கலாம். உங்களிடம் பழைய ஆயுள் பாலிசி இருந்தால் அதை வங்கிக்கு ஒப்படைப்பு (assignment) செய்து தரலாம், அதாவது பாலிசித் தொகையைப் பெறும் உரிமையை வங்கிக்கு எழுதித் தரலாம். இவற்றை நீங்களே முன்வைத்தால் மேலாளரிடம் பேச்சு எளிதாகும். அப்படியும் கடனை மறுத்தால், முக்கியக் காரணத்தை எழுத்தில் தர வேண்டியது வங்கியின் கடமை, கேட்டு வாங்குங்கள். வங்கியிடம் முதலில் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாட்களில் சரியான பதில் வராவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்பட்ஸ்மன்) செல்லலாம். 14448 என்ற எண்ணில் வழி கேட்கலாம்.

காப்பீட்டு மறுப்புக்கான குறைதீர்ப்பாளர் அலுவலகம் சென்னையில் உள்ளது. நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு முதலில் எழுதுங்கள். அவர்களும் மறுத்தால் ஓராண்டுக்குள் அங்கே முறையிடலாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளைக் கட்டணமின்றி விசாரிக்கிறார்கள், வழக்கறிஞர் தேவையில்லை. என் அண்ணன் இந்த ஓராண்டுக் கெடு தெரியாமல் முகவரின் பின்னாலேயே பதினாறு மாதங்கள் அலைந்தார். மறுப்புக் கடிதம் வந்த நாளிலேயே அதன் தேதியை நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.