தினசரி பழக்கத்துக்கு மாடல் போடணுமா, டைரில இருந்து ஆரம்பிங்க

மனுஷங்க ஒரு நாளை எப்படி கழிக்கறாங்கன்னு கம்ப்யூட்டர் மாடல் வச்சு புரிஞ்சுக்கணும்னு வர்றவங்க நிறைய பேர் நேரா நியூரல் நெட்வொர்க்குக்கு (ஏகப்பட்ட டேட்டாவை பாத்து தானா கத்துக்கற புரோகிராம்) ஓடிடறாங்க. தயவுசெஞ்சு அங்க ஆரம்பிக்காதீங்க. ஒழுங்கா எழுதின ஒரு டைரியும் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டும் இருந்தாலே முக்கால்வாசி விஷயம் புரிஞ்சிடும்.

24 மணி நேரத்தை 10 நிமிஷ துண்டா வெட்டுங்க, மொத்தம் 144 கட்டம் வரும். ஒவ்வொரு கட்டத்துலயும் அப்ப என்ன பண்ணிட்டு இருந்தீங்கன்னு ஒரே ஒரு வார்த்தை போதும். நாளை ராத்திரி 12க்கு ஆரம்பிக்காம காலைல 4 மணிக்கு ஆரம்பிங்க, பெரிய நேரப்பயன்பாட்டு சர்வே பலதுலயும் அப்படித்தான் பண்றாங்க, ஏன்னா 12க்கு முழிச்சிருக்கறவங்க நிறைய, அவங்க செஞ்சிட்டு இருக்கற வேலை பாதில அறுந்து ரெண்டு நாள்ல போய் உக்காந்துடும், 4 மணிக்கு அந்த தொல்லை கம்மி.

ஸ்ப்ரெட்ஷீட்ல இன்னொரு நெடுவரிசை (column) கட்டாயம் வேணும்: "கூடவே வேற என்ன?". இதை விட்டுட்டா வீட்ல நடக்கற உழைப்புல பெரும்பகுதி காணாமப் போயிடும். அடுப்புல ஒரு கண்ணு குழந்தை மேல ஒரு கண்ணுன்னு நிக்கறவங்க டைரில "சமையல்"னு மட்டும்தான் எழுதுவாங்க, கம்ப்யூட்டரும் அந்த வீட்ல குழந்தையை யாருமே பாத்துக்கலன்னு முடிவு பண்ணிடும். எனக்கு இது ரொம்ப முக்கியமான விஷயமா படுது, டேட்டால இல்லாத உழைப்பை எந்த மாடலும் கண்டுபிடிச்சு தராது.

டைரி வந்ததும் எல்லாத்தையும் ஒரு எட்டு வகைல அடக்குங்க: தூக்கம், சாப்பாடு, சமையல், வேலை, பயணம், பராமரிப்பு, பொழுதுபோக்கு, மத்தது. அப்புறம் வெறும் எண்ணிக்கைதான். சமையல்னு 100 கட்டம் இருக்கு, அடுத்த கட்டத்துல 80 தடவை திரும்ப சமையலே, 15 தடவை சாப்பாடு, 5 தடவை மத்ததுன்னு வச்சுக்கோங்க, அப்ப சமையல்ல இருந்து கிளம்பற வாய்ப்பு 0.80, 0.15, 0.05. இதுக்கு பேர்தான் மார்க்கோவ் சங்கிலி. ரஷ்ய கணித அறிஞர் ஆந்த்ரேய் மார்க்கோவ் 1913ல ஒரு கவிதை நாவல்ல 20,000 எழுத்தை எடுத்து, உயிருக்கு அப்புறம் உயிர் எத்தனை தடவை வருது மெய் எத்தனை தடவை வருதுன்னு கையாலயே எண்ணினார், நாம எழுத்துக்கு பதிலா வேலையை எண்றோம், அவ்ளோதான்.

இங்கதான் ஒரு பொறி இருக்கு. காலைல சமையலுக்கு அப்புறம் வர்றது வேற, ராத்திரி வர்றது வேற, அதனால ஒவ்வொரு 10 நிமிஷத்துக்கும் தனி அட்டவணை போடலாம்னு தோணும். ஆனா எட்டு வகைல ஒவ்வொண்ணுல இருந்தும் எட்டு வகைக்கும் ஒரு வாய்ப்பு, 144 கட்டத்துக்கு நடுவுல 143 மாற்றம், அப்ப 8 x 8 x 143 போட்டா 9,152 எண் வருது, ஒரு ஆளோட ஒரு வார டைரில இருக்கறதே 1,001 மாற்றம்தான். பத்தாது. நாளை ஆறு பகுதியா பிரிச்சா 384 எண், ஒரு வாரம் அதுக்கும் கொஞ்சம் இழுக்கும், நாலஞ்சு வாரம் எழுதினா நம்பலாம். லீவு நாளை தனியா வைங்க, ஷிஃப்ட் வேலைக்கு போறவங்களையும் தனியா வைங்க.

இப்ப அந்த வாய்ப்புகளை வச்சு அடுத்தடுத்த கட்டத்தை குலுக்கிப் போட்டு மாடலையே ஒரு நாளை எழுத சொல்லி அதை வரி வரியா படிங்க. சராசரி கிராஃப் பாத்து ஏமாறாதீங்க, பாதி பேர் 12:30க்கும் பாதி பேர் 1:30க்கும் சாப்பிட்டா சராசரில எல்லாரும் 1 மணிக்கு சாப்பிடற மாதிரி தெரியும், உண்மைல 1 மணிக்கு தட்டு முன்னாடி யாருமே இல்ல. நான் போட்ட முதல் மாடல் எழுதின நாள்ல 1:10க்கு சாப்பாடு, 1:40க்கு வேலை, 1:50க்கு திரும்பவும் சாப்பாடுன்னு இருந்துச்சு. காரணம் ரொம்ப நேரடியானது: இந்த சங்கிலிக்கு இப்போதைய கட்டத்தைத் தவிர எதுவும் ஞாபகம் இருக்காது, சாப்பிட்டு முடிச்சதே அதுக்கு தெரியாது. நேர அளவுலயும் இதே பிரச்சனை. வேலையோட சராசரி சரியா எட்டு மணி நேரம் வந்தாலும் ஒவ்வொண்ணா பாத்தா அதிக தடவை வர்றது 10 நிமிஷ வேலைதான், இந்த கணக்கோட இயல்பே அது. தீர்வு என்னன்னா ஒரு செயல் ஆரம்பிக்கும்போதே அது எவ்ளோ நேரம் ஓடும்னு டைரில இருக்கற உண்மையான நேரங்கள்ல இருந்து எடுத்துக்கறது, இதை செமி மார்க்கோவ்னு சொல்வாங்க. இந்த ஒரு மாத்தத்துலயே நாள் மனுஷன் வாழ்ந்த நாள் மாதிரி தெரிய ஆரம்பிச்சிடும்.

"86 சதவீதம் சரியா கணிக்குது"ன்னு யாராவது சொன்னா உடனே நம்பாதீங்க. ஒரு நாள்ல ஒருத்தர் 20 தடவை ஒரு செயல்ல இருந்து இன்னொண்ணுக்கு மாறறார்னா, "போன கட்டம் மாதிரியே இதுவும்"னு கண்ண மூடிட்டு சொல்றவனுக்கே 143ல 123 சரியா வந்துடும், அதுவே 86 சதவீதம். அந்த 20 மாறற இடத்துல எத்தனையை பிடிச்சுதுன்னு மட்டும் கேளுங்க.

டைரிக்கு பதிலா ஃபோன் லொகேஷன் எடுக்கலாம், ஆள் எங்க இருக்கார்னு தெரியும், அங்க என்ன பண்றார்னு தெரியாது. பேரை எடுத்துட்டா பத்திரம்னு மட்டும் நினைக்காதீங்க. 2013ல வந்த ஒரு ஆய்வு 15 லட்சம் பேரோட மொபைல் டேட்டாவை பாத்துச்சு, மணிக்கணக்குல நேரமும் டவர் அளவுல இடமும் தெரிஞ்சா நாலே நாலு புள்ளி போதும், 95 சதவீதம் பேரை தனியா பிரிச்சு எடுத்துடலாம். அதனால எழுதறவங்க கிட்ட முதல்லயே சம்மதம் வாங்குங்க, எண்ணி முடிச்சதும் மூல டைரியை அழிச்சிடுங்க.

கடைசியா மாடல் எழுதின நாளை டைரி எழுதினவங்க கிட்டயே காட்டுங்க. "எட்டு மணிக்கு மேல நான் அடுப்பே பத்த வைக்கறதில்லயே"ன்னு சொல்லுவாங்க, ஏன்னு கேட்டா அப்பதான் மாமியாருக்கு மருந்து குடுக்கற நேரம்னு வரும், அந்த ஏன் எந்த அட்டவணைலயும் இருக்காது, அதுக்கு ஒரு நெடுவரிசை சேருங்க. வேலை மாறினாலோ வீட்ல குழந்தை பொறந்தாலோ பழைய எண்ணிக்கையை ஒட்டு போட்டு ஓட்டாதீங்க, புது டைரி எழுத சொல்லுங்க.