உறுப்பு தானத்திற்குப் பதிவு செய்வது எப்படி? வேலூர்ப் பகுதி மக்களுக்கான செய்முறை விளக்கம்

இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை 1971ஆம் ஆண்டு வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் நடந்தது. அத்தகைய ஊரைச் சுற்றி வாழும் நாம் உறுப்பு தானத்திற்கு எங்கே, எப்படிப் பதிவு செய்வது என்பதையும், அந்தப் பதிவு எதுவரை செல்லும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

படி 1: மூன்று தானங்களையும் பிரித்தறியுங்கள்

கண் தானம், உடல் தானம், உறுப்பு தானம் ஆகிய மூன்றும் ஒன்றல்ல. வீட்டில் இறந்தவரிடமிருந்தும் ஆறு மணி நேரத்திற்குள் கண்களைப் பெறலாம். உடல் தானம் என்பது மாணவர்கள் பயில்வதற்காக மருத்துவக் கல்லூரிக்கு அளிப்பது. இறந்தவரின் இதயம், கல்லீரல், சிறுநீரகம் போன்றவற்றையோ, மூளைச்சாவு அடைந்து, அதாவது மூளையின் செயல்பாடு முழுவதும் நிரந்தரமாக நின்று, தீவிர சிகிச்சைப் பிரிவில் வென்டிலேட்டர் என்னும் செயற்கைச் சுவாசக் கருவியின் துணையால் இரத்த ஓட்டம் நிலைத்திருக்கும் ஒருவரிடமிருந்துதான் பெரும்பாலும் பெற முடியும். கோமாவில் இருப்பவர் மீளக்கூடும். மூளைச்சாவு அடைந்தவர் மீள்வதில்லை.

படி 2: பதிவு செய்யுங்கள்

தேசிய உறுப்பு மற்றும் திசு மாற்று அமைப்பான நோட்டோவின் இணையதளத்தில் ஆதார் எண்ணை அளித்து, கைபேசிக்கு வரும் ஓ.டி.பி.யை உள்ளிட்டு, தானம் செய்ய விரும்பும் உறுப்புகளைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஐயம் இருந்தால் 1800 11 4770 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம். மனம் மாறினால் பதிவை விலக்கிக்கொள்ளவும் உரிமை உண்டு.

படி 3: வீட்டில் சொல்லுங்கள்

மற்றப் படிகளைவிட இதுவே கடினமானது என்பது என் கருத்து. எழுத்து வடிவில் ஒப்புதல் தருபவர் குறைந்தது இரண்டு சாட்சிகளின் முன்னிலையில் தர வேண்டும் என்றும், அவர்களில் ஒருவராவது நெருங்கிய உறவினராக இருக்க வேண்டும் என்றும் 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டமே கூறுகிறது. நடைமுறையிலோ, உறுப்பு தான அட்டை கையில் இருந்தாலும் குடும்பத்தார் மறுத்துவிட்டால் மருத்துவர்கள் உறுப்புகளை எடுப்பதில்லை. ஆகவே மனைவி அல்லது கணவர், பிள்ளைகள் ஆகியோரோடு, துக்க வீட்டில் முடிவெடுக்கும் சித்தப்பா, தாய்மாமன் போன்ற பெரியவர்களிடமும் இப்போதே பேசிவிடுங்கள். கண்ணைக் கொடுத்தால் மறுபிறவியில் பார்வையின்றிப் பிறப்பார் என்று யாராவது சொன்னால், அவரிடம் வாதாடுவதைவிட, உறுப்புகளை எடுத்தபின் உடலை முறையாகத் தைத்தே ஒப்படைப்பார்கள் என்பதையும், வழக்கமான சடங்குகள் அனைத்தையும் செய்யலாம் என்பதையும் பொறுமையாக விளக்குவது பயன் தரும்.

படி 4: மருத்துவமனையில் நடப்பதை அறிந்து வையுங்கள்

மூளைச்சாவை ஒரே மருத்துவர் அறிவித்துவிட முடியாது. நான்கு மருத்துவர் கொண்ட குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்துச் சான்றளிக்க வேண்டும். உறுப்பு மாற்று அறுவை செய்யும் மருத்துவர்களுக்கு அக்குழுவில் இடமில்லை. உறுப்புகளை எடுப்பதற்கான செலவைத் தானம் செய்பவரின் குடும்பம் ஏற்க வேண்டியதில்லை. விபத்து வழக்காயின் காவல்துறை விசாரணையும் பிரேதப் பரிசோதனையும் உண்டு என்பதால் சிறிது தாமதம் ஆகலாம். உறுப்பு தானம் செய்தவர்களுக்கு அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடைபெறும் என்று 2023 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு அறிவித்தது.

படி 5: உங்கள் ஊர் மருத்துவமனையைக் கேளுங்கள்

வாலாஜாபேட்டை முதல் வாணியம்பாடி வரையிலான நெடுஞ்சாலையில் தலைக்காயம் அடைவோர், முதலில் சேர்க்கப்படும் மருத்துவமனையில் மூளைச்சாவைக் கண்டறிந்து சான்றளிக்கும் ஏற்பாடு இல்லையென்றால், அவர்கள் செய்துவைத்த பதிவால் யாருக்கும் பயனில்லை. மாற்று அறுவை செய்யாத மருத்துவமனைகளும் உறுப்புகளை எடுக்கும் மையங்களாகப் பதிவு பெற 2011ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் வழி செய்தது. நரம்பியல் வல்லுநர் இல்லாத இடத்தில் மற்றத் தகுதியுள்ள மருத்துவர் சான்றளிக்கவும் அது இடமளித்தது. விழிப்புணர்வுப் பேரணிகளைவிட நம் மாவட்டங்களுக்கு இதுவே அவசரத் தேவை. உங்கள் ஊர் மருத்துவமனை உறுப்புகளை எடுக்கும் மையமாகப் பதிவு பெற்றிருக்கிறதா, தானப் பணிகளை ஒழுங்கு செய்யும் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர் அங்கே நியமிக்கப்பட்டிருக்கிறாரா என்ற இரண்டு கேள்விகளையும் எழுதி, ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடைபெறும் குறைதீர்வு நாள் கூட்டத்தில் மனுவாகக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.