மணிக்கட்டு வலி: எண்ணெய் போட்டு உருவும் முன் எங்கே வலிக்கிறது என்று பாருங்கள்

பைக் சரிந்தாலும் குளியலறையில் வழுக்கினாலும் உள்ளங்கைதான் முதலில் தரையில் ஊன்றும். இரவில் லேசாக வீங்கும். விரல் அசைகிறது, அதனால் எலும்புக்கு ஒன்றும் ஆகியிருக்காது, சுளுக்குதான் என்று வீட்டிலேயே முடிவாகிவிடும். எலும்பு முறிந்தாலும் விரல் அசையும்.

கட்டைவிரலை விரித்து மேலே தூக்கிப் பாருங்கள். அதன் அடியில் இரண்டு தசைநாண்களுக்கு நடுவே சின்னக் குழி விழும். அங்கே அழுத்தினால் சுரீர் என்கிறதா? ஸ்கேபாய்டு எலும்பில் விரிசல் இருக்கலாம். முந்திரிப் பருப்பு அளவுள்ள எலும்பு. அதற்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்து முனை வழியாகத்தான் ஏறுகிறது. நடுவில் உடைந்தால் மறுபக்கத் துண்டுக்கு ரத்தம் குறைந்து எலும்பு கூடாமலே போகலாம். பிறகு மூட்டுத் தேய்மானம். வம்பு என்னவென்றால், முதல் நாள் எக்ஸ்ரேயில் இந்த விரிசல் பல சமயம் தெரியாது. படம் நன்றாக இருக்கிறதே என்று வேலைக்குப் போய்விடுவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. குழியில் வலி இருக்கும்வரை மணிக்கட்டு அசையாமல் கட்டுப் போட்டு, 10 முதல் 14 நாளில் மறுபடி எக்ஸ்ரே எடுக்க வேண்டும், இல்லையென்றால் எம்.ஆர்.ஐ.

அதுவரை உருவவோ சொடுக்கெடுக்கவோ விடாதீர்கள், விரிசல் விலகிவிடும். ஐஸைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வையுங்கள். மோதிரத்தையும் வளையலையும் விழுந்தவுடனே கழற்றுங்கள். வீங்கிய பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

விழாமலே வரும் வலி வேறு கதை. நடு இரவில் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்துப்போய், எழுந்து உதறினால் சரியாகிறதென்றால் மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுகிறது. கார்பல் டனல் என்பார்கள். சர்க்கரை, தைராய்டு குறைவு, கர்ப்பம் இருப்பவர்களுக்கு அதிகம். சத்துக் குறைவு என்று மாதக்கணக்கில் பி காம்ப்ளெக்ஸ் போடுகிறார்கள். நெருக்கம் அப்படியே இருக்கும். கிரேப் பேண்டேஜை இறுக்கிச் சுற்றினால் இன்னும் மோசம். மணிக்கட்டை நேராக வைக்கும் ஸ்பிளிண்ட்டை இரவில் போட வேண்டும். சட்டைப் பொத்தான் போடத் தடுமாற்றம், கட்டைவிரல் அடிச் சதைமேடு வற்றுதல் இரண்டும் தாமதமாகிவிட்டதன் அடையாளம். சுண்டுவிரல் மட்டும் மரத்தால் மணிக்கட்டை விட்டு முழங்கையைப் பாருங்கள்.

கைக்குழந்தைக்காரிக்குக் கட்டைவிரல் பக்கம் வலித்தால், பச்சை உடம்பில் வாயு ஏறிவிட்டது என்று பெரியவர்கள் சொல்வார்கள். கட்டைவிரலை விரித்துக் குழந்தையின் அக்குளில் கொடுத்துத் தூக்கித் தூக்கி, நாணும் அதன் உறையும் உரசித் தடித்ததுதான் காரணம். உள்ளங்கை மேலே பார்க்க, அடியில் கைகொடுத்து வாரி எடுங்கள்.

புறங்கையில் உருண்டையாக நீர்க்கட்டி வந்தால் தடிப் புத்தகத்தால் அடித்து உடைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. வேண்டாம், எலும்பில் அடிபடும், கட்டியும் திரும்ப வரும்.

கை கோணியிருந்தால், விரல் நீலமாகிச் சில்லிட்டால், அடிபட்ட இடத்தில் தோல் கிழிந்திருந்தால் உடனே மருத்துவமனை. காய்ச்சலோடு மூட்டு சிவந்து சுட்டால் மூட்டுக்குள் சீழ் இருக்கலாம், அதுவும் அன்றைக்கே. இரண்டு மணிக்கட்டும் காலையில் அரைமணி நேரத்துக்கு மேல் விறைத்து, வாரக்கணக்கில் நீடித்தால் முடக்குவாதமா என்று பார்க்க வேண்டும். சிக்குன்குனியாவுக்குப் பிறகும் இப்படி வரும். மற்ற வலிகளுக்கு இரண்டு வாரம் ஓய்வு கொடுத்துப் பார்க்கலாம். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அந்த இரண்டு வாரமும் கடையில் டைக்ளோபினாக் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டே இருக்கக் கூடாது.