ரோல் மாத்தியாச்சு, மெனு மட்டும் மாறல: ஃப்ளஷ்ஆல் அடிக்கறதுக்கு முன்னாடி இத படிங்க

டீம்ல புதுசா வந்த பையன் ஒருத்தன், "அண்ணா, யூசரோட ரோல் மாத்திட்டேன், மெனு பழசாவே வருது, ரெடிஸ மொத்தமா க்ளியர் பண்ணிடவா"ன்னு கேட்டான். ரெடிஸ்ங்கறது அடிக்கடி தேவைப்படற டேட்டாவ மெமரில வெச்சு வேகமா குடுக்கற இடம், அதாவது கேச்; ஃப்ளஷ்ஆல் அத மொத்தமா தொடைக்கற கமாண்ட். எனக்கு வயித்தக் கலக்கிடுச்சு, நானும் அதையே செஞ்சு வாங்கிக் கட்டிக்கிட்டவன்தான். 

ஃப்ளஷ்ஆல் அடிச்சா சரியாயிடும்ங்கற நெனப்பு

ஒருத்தங்களுக்கு ரோல் மாத்தி அப்ரூவல் பர்மிஷன் குடுத்தேன். டேட்டாபேஸ்ல மாறிடுச்சு, மெனுல வரல. ரெடிஸ்ல அவங்க மெனுவ எந்தப் பேர்ல சேமிச்சிருந்தோமோ அந்தக் கீய மட்டும் டெலீட் பண்ணிப் பாத்தேன், ரீஃப்ரெஷ் பண்ணா மறுபடி அதே பழைய மெனு. எரிச்சல்ல, நிஜ யூசருங்க இருக்கற ப்ரொடக்ஷன் சர்வர்லயே ஃப்ளஷ்ஆல் அடிச்சேன். மெனு வந்துடுச்சு!

அஞ்சே நிமிஷம், ஃபோன் மேல ஃபோன். யாரு லாகின்ல இருக்காங்கன்னு வெச்சிருக்கற பதிவு, அதான் செஷன், அதுவும் அதே ரெடிஸ்லதான் இருந்திருக்கு, ஃப்ளஷ்ஆல் ரெடிஸுக்குள்ள ஒரு டேட்டாபேஸோட நிக்காது, ஓடிட்டிருக்கற அந்த ரெடிஸ்ல இருக்கற எல்லாத்தையும் தொடச்சு எடுத்துடும், லாகின்ல இருந்த அத்தன பேரும் வெளிய, பாதி ஃபார்ம் நிரப்பினவங்க வயித்தெரிச்சல் தனி, அப்புறம் எல்லாரும் ஒரே நேரத்துல உள்ள வந்து ஆளாளுக்கு மெனு கட்டச்சொல்ல மெயின் டேட்டாபேஸும் மூச்சு வாங்குச்சு.

இன்னிக்கும் எனக்கு கடுப்பேத்தறது என்னன்னா, மெனு சரியானதுக்குக் காரணம் மெனு கேச் போனது இல்லவே இல்ல. லாகின் ஆகும்போது ரோல செஷனுக்குள்ள காப்பி பண்ணி வெச்சிருந்தோம். மெனு எத்தன தடவ புதுசா கட்டினாலும் அந்தப் பழைய காப்பியப் பாத்துதான் கட்டுது. செஷன் செத்ததாலதான் ரோல் புதுசா வந்துச்சு. லாகின் விவரத்த கையெழுத்துப் போட்டு யூசர்கிட்டயே குடுத்துடற ஜேடபிள்யூடி டோக்கன்ல ரோல வெச்சாலும் இதே கததான், டோக்கன் எக்ஸ்பயர் ஆகற வரைக்கும் பழசுதான்.

இப்ப யூசர் டேபிள்ல ஒரு பர்மிஷன் வெர்ஷன் நம்பர் வெச்சிருக்கோம். ரோல் மாறினா அது ஒண்ணு ஏறும், செஷன்ல இருக்கற நம்பரோட ஒத்துப்போகலன்னா ரோல திரும்பப் படிச்சுக்கும். மெனு கீல யூசர் ஐடிக்குப் பதிலா பர்மிஷன் லிஸ்டோட ஹாஷ் (லிஸ்டச் சுருக்கின அடையாளக் குறி), மொழி, மெனு வெர்ஷன். ஒரே பர்மிஷனும் ஒரே மொழியும் இருக்கற ஆயிரம் பேருக்கும் ஒரே என்ட்ரி போதும். மெனுவே மாறினா வெர்ஷன ஏத்துங்க, பழைய கீ அதோட டிடிஎல் (எவ்ளோ நேரம் இருக்கணும்ங்கற கெடு) முடிஞ்சு தானா போயிடும். டெலீட்டே வேணாம்.

நோ-கேச்னா சேமிக்காதுன்னு நம்பறது

சர்வர் பதிலோட அனுப்பற கேச் கண்ட்ரோல் ஹெடர்ல நோ-கேச்னு போட்டாலும் ப்ரவுசர் சேமிக்கும். திரும்பக் குடுக்கறதுக்கு முன்னாடி சர்வர்கிட்ட கேக்கும், அவ்ளோதான். சேமிக்கவே கூடாதுன்னா நோ-ஸ்டோர். சிடிஎன் (பக்கங்களோட காப்பிய பல ஊர்ல வெச்சு குடுக்கற சர்வருங்க) மாதிரி பொது கேச்ல மட்டும் தங்கக் கூடாதுன்னா ப்ரைவேட்.

பேக் பட்டன்

லாக்அவுட் பண்ணிட்டு பேக் அழுத்திப் பாருங்க. ப்ரவுசர் பக்கத்த மெமரில இருந்து அப்படியே எடுத்துக் காட்டினா பழைய மெனு பல்ல இளிக்கும். பக்கம் திரைல வரும்போது கெளம்பற பேஜ்ஷோ ஈவென்ட்ல பெர்சிஸ்டட் ட்ரூவா வந்தா, அது மெமரில இருந்து வந்த பக்கம், ரீலோட் பண்ணிடுங்க.

மெனுல மறைச்சா பாதுகாப்புன்னு நெனைக்கறது

மெனுல இல்லாட்டியும் அந்தப் பக்கம் தொறக்கலாம், அதனால யூஆர்எல்ல நேரா அடிச்சா 403 (அனுமதி இல்ல) வருதான்னு பாருங்க.