பார் மிட்ஸ்வாவுக்குப் பிள்ளையைத் தயார்செய்வது: தேதி பார்ப்பது முதல் தோராச் சுருள் வரை

பார் மிட்ஸ்வா என்பது யூத ஆண்பிள்ளை சமயக் கடமைகளுக்கு உரிய வயதை எட்டுவதைக் கொண்டாடும் நிகழ்ச்சி. யூத மரபில் ஆண்பிள்ளைக்கு 13 வயதும் பெண்பிள்ளைக்கு 12 வயதும் நிறைந்தால் சமயக் கடமைகள் தாமாகவே வந்துவிடுகின்றன. அதற்குச் சடங்கு எதுவும் தேவையில்லை. ஜெப ஆலயத்தில் தோரா (மோசேயின் ஐந்து நூல்கள்) வாசிக்க அழைக்கப்படுவது அதை ஊரறியக் கொண்டாடுவதுதான். இதைப் பிள்ளையிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். தடுமாறினால் எல்லாம் கெட்டுப்போகும் என்ற பயம் பாதி குறையும்.

பெண்பிள்ளைகளுக்கான பாட் மிட்ஸ்வா சபைக்குச் சபை மாறும். அமெரிக்காவில் ஜூடித் கப்லான் என்ற சிறுமிக்கு 1922 மார்ச்சில் நியூயார்க்கில் நடந்ததே பரவலாக அறியப்பட்ட முதல் நிகழ்வு. இன்று சீர்திருத்தச் சபைகள் பலவற்றில் இருபாலாருக்கும் 13 வயதில் ஒரே மாதிரி நடக்கிறது. பழைய விதிகளைக் கண்டிப்பாகப் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ் சபைகளில் பெரும்பாலும் பெண்பிள்ளைகள் பொதுவில் தோரா வாசிப்பதில்லை. கீழே உள்ளவை, சனிக்கிழமை காலை வழிபாட்டில் பிள்ளை மஃப்திர் (அன்றைய தோரா வாசிப்பின் கடைசிப் பகுதி), ஹஃப்தாரா (அதன்பின் தீர்க்கதரிசிகளின் நூல்களிலிருந்து வாசிக்கும் பகுதி) இரண்டையும் வாசிக்கும் வழக்கமான அஷ்கெனாசி (மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூதர்களின்) முறைக்கானவை.

1. தேதியை உறுதிசெய்யுங்கள்

கணக்கு எபிரேய நாட்காட்டிப்படிதான். சூரியன் மறைந்த பிறகு பிறந்த பிள்ளைக்கு மறுநாள்தான் பிறந்தநாள். இதைக் கவனிக்காமல் ஒரு நாள் பிசகுபவர்கள் பலர். ஆதார் மாதத்தில் பிறந்தவர்கள் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். 19 ஆண்டுகளில் 7 முறை வரும் மிகுமாத ஆண்டில் ஆதார் இரண்டு உண்டு. சாதாரண ஆண்டின் ஆதாரில் பிறந்து, 13 வயது நிறைவது மிகுமாத ஆண்டில் வந்தால், இரண்டாம் ஆதாரைத்தான் எடுக்க வேண்டும். பெரிய சபைகளில் நாள் கிடைக்க இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே பதிய வேண்டியிருக்கும்.

2. எந்தப் பகுதி என்று ரப்பியிடம் (யூத மதகுரு) எழுதி வாங்குங்கள்

தோரா 54 பராஷாக்களாகப் பிரிக்கப்பட்டு வாரந்தோறும் வாசிக்கப்படுகிறது. இணையப் பட்டியலைப் பார்த்து நீங்களே முடிவுசெய்யாதீர்கள். சில ஆண்டுகளில் இரண்டு பராஷாக்கள் ஒரே வாரத்தில் சேரும். அப்போது மஃப்திர் இரண்டாவதன் கடைசி வசனங்களிலிருந்து வரும். இஸ்ரேலின் வரிசையும் வெளிநாட்டு வரிசையும் சில வாரங்கள் வேறுபடும். அந்தச் சனிக்கிழமையோ அதற்கு மறுநாளோ எபிரேய மாதப் பிறப்பாக இருந்தால், பெரும்பாலும் வழக்கமான ஹஃப்தாராவுக்குப் பதில் வேறொன்று வரும். ஓராண்டு உழைத்துத் தவறான ஹஃப்தாராவை மனப்பாடம் செய்வது ஒரு பிள்ளைக்கு நேரக்கூடாத கொடுமை. தொடக்க வசனமும் முடிவு வசனமும் தாளில் இருக்கட்டும்.

3. முதலில் ஆசீர்வாதங்கள்

மொத்தம் ஏழு: தோராவுக்கு முன் ஒன்று, பின் ஒன்று, ஹஃப்தாராவுக்கு முன் ஒன்று, பின் நான்கு. பராஷா எதுவானாலும் இவை மாறாது என்பதால் இங்கிருந்தே தொடங்கலாம். பயிற்சியின்போது கடவுளின் பெயருக்குப் பதில் ‘ஹஷேம்’ என்று சொல்லும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அது நாக்கில் பதிந்து, மேடையிலும் அதுவே வந்துவிடும். எப்போது முழுப் பெயருக்கு மாறுவது என்று ஆசிரியரோடு முன்பே பேசிவையுங்கள்.

4. ஒலிப்பதிவை நம்பாதீர்கள், தெஅமிம் கற்பியுங்கள்

ஆசிரியர் பாடி அனுப்பும் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டு ஒப்பிக்க வைப்பது எளிது. ஆனால் அப்படிக் கற்ற பிள்ளைக்கு வரிகள் ஒரே ஓட்டமாகத்தான் நினைவிருக்கும். நடுவில் ஒரு சொல் விட்டுப்போனால் அங்கிருந்து தொடரத் தெரியாது. முதலிலிருந்துதான் பாட வேண்டும். நிகழ்ச்சி முடிந்த பிறகு இன்னொரு பகுதியை வாசிக்கவும் வராது.

தெஅமிம் என்பவை ஒவ்வொரு சொல்லின் மேலோ கீழோ வரும் ராகக் குறிகள். எங்கே நிறுத்துவது, எதை எதோடு சேர்ப்பது என்பதையும் அவையே காட்டுகின்றன. அவற்றைத் தனித்தனியாக இல்லாமல் கூட்டமாகக் கற்பியுங்கள். முதல் கூட்டம்: மெர்கா, திப்கா, முனாக், எத்னாக்தா. எத்னாக்தாவில் பெரும்பாலான வசனங்கள் இரண்டாகப் பிரியும். அடுத்தது மெர்கா, திப்கா, மெர்கா, சோஃப் பசூக். இதில் வசனம் முடியும். இந்த இரண்டும் வந்துவிட்டால் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் பிள்ளைக்குத் தெரிந்த ராகம் கண்ணில் படும்.

ஒரே குறிகளுக்குத் தோராவில் ஒரு ராகம், ஹஃப்தாராவில் வேறு ராகம். இரண்டையும் ஒரே மாதத்தில் தொடங்கினால் கலந்துவிடும். நீளமான ஹஃப்தாராவை முதலில் முடித்துவிட்டுத் தோராவுக்குப் போவது நல்லது. வாரம் ஒரு மணி நேரத்தை விடத் தினம் 20 நிமிடம் பலன் தரும். எபிரேய எழுத்து தெரிந்த பிள்ளைக்கு ஓராண்டு போதும். தெரியாவிட்டால் இன்னும் ஆறு மாதம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

5. சுருளுக்கு மாறுவது

ஹஃப்தாராவைப் பெரும்பாலும் அச்சுப் புத்தகத்தில் பார்த்து வாசிக்கலாம். தோராச் சுருளிலோ உயிர்க்குறி, ராகக்குறி, நிறுத்தக்குறி எதுவும் இருக்காது. இதற்கென்றே திக்குன் என்ற புத்தகம் உண்டு. ஒரு பத்தியில் குறிகளோடும், பக்கத்துப் பத்தியில் சுருளில் உள்ளபடியும் அதே வரிகள் இருக்கும். ஒரு வசனத்தைக் குறியுள்ள பக்கத்தில் மூன்று முறை வாசித்துவிட்டு, அதை மூடி மறுபக்கத்தில் வாசிக்கச் சொல்லுங்கள். தடுக்கிய சொல்லை மட்டும் திறந்து பாருங்கள். தாலெத்தும் ரேஷும், பேத்தும் காஃபும் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதால் அங்கேதான் பிழை அதிகம். நகல் எடுத்த தாள்களில் கடவுளின் பெயர் இருந்தால் குப்பையில் போடக்கூடாது. இப்படிப்பட்ட தாள்களைச் சேர்த்துவைக்கும், ஜெப ஆலயத்தின் கெனிசாப் பெட்டியில் சேர்த்துவிடுங்கள்.

6. தெஃபில்லின்

இவை காலை வழிபாட்டில் கையிலும் தலையிலும் வாரால் கட்டிக்கொள்ளும், தோரா வசனச் சுருள் உள்ள தோல்பெட்டிகள். 13 வயதுக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே பழகத் தொடங்குவார்கள். உள்ளிருக்கும் தோல்சுருளை வெளியிலிருந்து சோதிக்க முடியாது என்பதால் நம்பகமான சோஃபரிடம் (சமயச் சுருள்களைக் கையால் எழுதுபவர்) வாங்குங்கள். வலது கைக்காரருக்கு இடது மேற்கையில் பெட்டி, அதன்பின் முன்கையில் ஏழு சுற்று, பிறகு தலைப்பெட்டி, கடைசியாக விரலில் மூன்று சுற்று. தலைப்பெட்டி நெற்றியில் சரிவதுதான் வழக்கமான தவறு. அது முடி முளைக்கும் இடத்துக்கு மேலே இருக்க வேண்டும். வாரின் அளவை ஒருமுறை சரிசெய்து முடிச்சிட்டுத் தாருங்கள். ஷப்பத் (சனிக்கிழமை ஓய்வுநாள்) அன்று அணிவதில்லை. அதனால் தோரா வாசிக்கப்படும் திங்கள் அல்லது வியாழன் காலையிலும் பிள்ளையை அழைக்கச் சொல்வது அழகான வழக்கம்.

7. உரை

ஐந்து நிமிடம் போதும். பராஷாவிலிருந்து ஒரு வசனம், பிள்ளைக்கே எழுந்த ஒரு கேள்வி, ராஷி போன்ற ஓர் உரையாசிரியர் சொன்ன விடை, அதை ஏற்கிறானா என்பது. பெற்றோர் எழுதிக்கொடுத்த உரை முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

8. கடைசி மாதம்

உண்மையான சுருளில், யாத் என்ற சுட்டுகோலோடு, அதே மேடையில் இரண்டு முறையாவது ஒத்திகை வேண்டும். சுருளை வெறுங்கையால் தொடக்கூடாது. 13 வயதில் குரல் உடையும். ஆறு மாதம் முன்பு எடுத்த சுருதியில் இப்போது எட்டாது, கீழே தொடங்கப் பழக்குங்கள். ஆர்த்தடாக்ஸ் சபையில் ஷப்பத் அன்று ஒலிபெருக்கியும் கிடையாது, படம் எடுப்பதும் கிடையாது. படங்களை வியாழன் ஒத்திகையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

வேண்டுமென்றே தவறு திருத்தும் பயிற்சியும் கொடுங்கள். மேடையில் பக்கத்தில் நிற்கும் கப்பாய் பொருள் மாறும் பிழையைச் சத்தமாகத் திருத்துவார். பிள்ளை நிறுத்தி, அந்தச் சொல்லைச் சரியாக வாசித்துத் தொடர வேண்டும். பெரியவர்களுக்கும் அப்படித்தான் திருத்துவார்கள் என்று முந்தைய வாரங்களில் நேரில் காட்டுங்கள்.

வாசித்து முடித்த பிள்ளைமேல் வாழ்த்தாக எறிவதற்கு மென்மையான மிட்டாய் வாங்குங்கள். ஹஃப்தாராவின் கடைசி ஆசீர்வாதம் முடியும்வரை யாரும் எறியக்கூடாது என்று விருந்தினர் குழந்தைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.